பெயர் ஒன்று, நூல் பல

ஆசிரியர் பெயர் வரிசையில் அமைந்த நூலக அட்டவணையில் 'ஔ' என்னும் எழுத்தைத் தேடிச் செல்வோர் ஆங்கே மிகச் சில பெயர்களையே காண்பர். அவற்றுள்ளும் ஔவையார் என்னும் பெயரே பெரும்பகுதி இடத்தைக் கொண்டிருக்கும். சங்கத் தொகை நூல்களில் 59 பாடல்கள், ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி, விநாயகர் அகவல், ஞானக்குறள், ஒரு சில செய்யுள்களே எஞ்சியுள்ள அசதிக்கோவை, பந்தனந்தாதி, இவற்றிற்கு அப்பால், எவர் தொகுத்தாலும் தொகை முடியாத தனிப்பாடல்கள். காதலும் போரும் கையறுநிலையும் பாடும் பழந்தமிழ்ப் பாக்கள் ஒருபால். எழுத்தறியத் தொடங்கும் குழந்தைக்கென அமைந்த ஓரடி நீதிகள் ஒருபால். மூலாதாரத்தையும் குண்டலினியையும் பேசும் யோகச் செய்யுள் மற்றொருபால். இத்தனையையும் ஒரு கட்டாகக் கட்டி வைத்திருப்பது யாது? பொருள் ஒற்றுமை இல்லை; யாப்பு ஒற்றுமை இல்லை; கால ஒற்றுமையும் இல்லை. எஞ்சி நிற்பது பெயர் ஒன்றே.

ஒருவரைப் பிறரினின்று பிரித்துக் காட்டுதற்கே பெயர் ஏற்பட்டது. இங்கோ அது பிரிக்கும் தொழிலை விடுத்துச் சேர்க்கும் தொழிலை மேற்கொண்டுள்ளது. இதனை இலக்கிய வரலாற்று ஆசிரியர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிக்கல் என்று நாம் ஒதுங்கிவிடலாம். ஆயினும் இதனுள் அறம் பற்றிய வினா ஒன்று அடங்கியிருக்கிறது. ஒருவர் செய்த நூலை வேறொருவர் பெயரில் வைத்துப் போற்றுகின்றோம். அது செய்தவர்க்கு நாம் காட்டும் சிறப்பா, அன்றி அவர்க்கு இழைக்கும் தீங்கா? மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் செய்யுளும் மொழியணியும் கற்பிக்கும் ஆசிரியர் தொடக்க ஆண்டுகளிலேயே ஆத்திசூடியையும் கொன்றை வேந்தனையும் எடுத்துக்கொண்டு, 'இதனை இயற்றியவர் ஔவையார்' என்று கரும்பலகையில் எழுதுகின்றார். அவ்வாறு எழுதும் ஒவ்வொரு முறையும் அவர், தாம் அறிந்தோ அறியாமலோ, இவ்வினாவிற்கு ஒரு விடை கூறிவிடுகின்றார்.

இந்நூல்கள் ஒருவர் கைப்பட்டன அல்ல என்பதை உணர நெடிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை. நூல்களே சான்று பகரும். புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 எனச் சங்க ஔவையாரின் பாடல்கள் கிடைத்துள்ளன. சங்கப் பெண்பாற் புலவருள் இத்துணைப் பாடல்கள் வேறு எவருக்கும் இல்லை. அப்பாடல்களில் நாம் சந்திக்கும் பெண்மணி யார்? இன்று தருமபுரி எனப்படும் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் அவைக்களத்தவர். பரிசில் நீட்டித்தபோது வாயில் காவலனை விளித்துச் சினந்து பேசி, தமக்கு உலகம் பெரிது என்று நிமிர்ந்து நின்றவர். தொண்டைமானிடம் தூது சென்று, நெய் பூசி மாலை சூட்டி வைத்திருந்த அவன் படைக்கலங்களைப் புகழ்வதுபோல் பழித்து, தம் அரசன் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன என்று கூறி மீண்டவர். அதியமான் மாண்டபின், கள் சிறிது கிடைத்தால் தமக்கே தந்தும் பெரிது கிடைத்தால் தம்மோடு பகிர்ந்தும் மகிழ்ந்த அவனை நினைந்து ஆற்றாது அழுதவர். குறுந்தொகையிலோ, தன் நோய் அறியாது உறங்கும் ஊரின்மேல் சீறி எழும் தலைவியின் குரலைப் படைத்தவர். புறநானூற்றின் 89 ஆம் பாட்டில் பகை மன்னன் ஒருவன் இவரை, அணி பூண்டு கண்ணுக்கு மையெழுதிய விறலியாகவே விளிக்கின்றான். நரைத்த கூந்தலும் ஊன்றுகோலும் திருநீறும் அப்பாட்டில் எங்கும் இல்லை.

இனி நல்வழியை எடுத்துக்கொள்வோம். கடவுள் வாழ்த்து நீங்கலாக 40 வெண்பாக்கள் கொண்ட சிறு நூல் அது. அதன் இறுதி வெண்பா திருக்குறளையும் மறைகளின் முடிவையும் மூவர் தேவாரத்தையும் திருக்கோவையாரையும் திருவாசகத்தையும் திருமூலர் வாக்கையும் எண்ணிச் சொல்கின்றது. மூவர் தமிழும் மணிவாசகமும் தோன்றி, நூல்களாக நிலைபெற்று, ஒருங்கு வைத்து எண்ணத்தக்க பெருமையை அடைந்த பின்னரே இவ்வெண்பா பிறந்திருத்தல் கூடும். அதியமானோடு கள் பகிர்ந்தவர் இதனை எழுதியிருக்க இயலாது. சங்கப் பாடல்களில் பிள்ளையார் வழிபாட்டைக் காணோம். மூதுரையும் நல்வழியும் பிள்ளையாரை வணங்கியே தொடங்குகின்றன. 72 அடிகளால் ஆகிய விநாயகர் அகவலோ முழுவதும் அவரையே குருவாகக் கொண்ட யோக அனுபவம். 310 குறள் வெண்பாக்களால் ஆகிய ஞானக்குறள் வள்ளுவரின் முப்பால் வடிவை எதிரொலித்து, வீட்டுநெறிப்பால், திருவருட்பால், தன்பால் என வகுத்துக்கொண்டு செல்கின்றது. ஆகவே ஔவையார் மூவர் என்பாரும், அதனினும் பலர் என்பாரும் உளர். எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு உண்டேயன்றி, ஒருவர் அல்லர் என்பதில் ஆராய்ந்தோரிடையே வேறுபாடு இல்லை.

ஆனால் தமிழ் மக்கள் இச்சிக்கலை வேறொரு வழியில் தீர்த்துக்கொண்டனர். அவ்வழியை அறியாமை என்று எள்ளிவிடுதல் எளிது. நான் அவ்வாறு எள்ள மாட்டேன். அதியமான் அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்தான் என்பது புறநானூற்றுச் செய்தி. உண்டாரை நெடுங்காலம் வாழ்விக்கும் கனி அது. அப்பாடலில் ஔவையார் செய்வது ஒன்றே: கனியைத் தந்த அரசனை, நஞ்சு உண்டும் சாவாத சிவபெருமானைப் போல் நிலைபெறுக என்று வாழ்த்துகின்றார். தாம் நெடிது வாழ்ந்ததாக அவர் கூறவில்லை. ஆனால் கதை அக்கனியின் பயனை வீணாக்க விரும்பவில்லை. கனி தின்றவர் வாழத்தானே வேண்டும்? எனவே அவர் வாழ்ந்தார். எட்டாம் நூற்றாண்டில் சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை செல்லும்போது பூசையில் அமர்ந்திருந்த அவரைப் பிள்ளையார் துதிக்கையால் தூக்கி அவர்களுக்கு முன்னரே கயிலையில் சேர்த்தார். கயிலை சென்றவர் பின்னும் மீண்டார் போலும். சோழர் அவையில் கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் சொற்போர் புரிந்தார். நாவல் மரத்தடியில் ஆடு மேய்க்கும் சிறுவனாக வந்த முருகனிடம் சுட்ட பழம் கேட்டுத் தோற்றார். கபிலர் அகவல் வழியாக வரும் கதையிலோ, ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த எழுவருள் ஒருவராகி, வள்ளுவர்க்கும் கபிலர்க்கும் அதியமானுக்கும் உடன்பிறந்தாராயினார். பிரிந்து கிடந்த நூல்களை ஒரு பெயர் கட்டியது; ஒரு பெயரை நம்பத்தக்கதாக்க ஒரு கனி நூற்றாண்டுகள் பலவற்றைக் கட்டியது. ஏட்டைப் படிக்க வாய்ப்பற்ற மக்கள் தம் நினைவில் அமைத்துக்கொண்ட அட்டவணை இது எனலாம்.

அச்சும் திரையும் வந்தபின் அவ்வட்டவணை மேலும் உறுதி பெற்றது. 1953 இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த 'ஔவையார்' திரைப்படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நடித்த மூதாட்டியின் உருவமே தமிழ் கூறும் நல்லுலகெங்கும் ஔவையாரின் உருவமாயிற்று. 1968 இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலையும் ஒன்றே. பல ஔவையார்க்கும் சேர்த்து ஒரு சிலை போதும் என்று அன்று எவரும் வழக்காடியதாகத் தெரியவில்லை.

மக்கள் மரபு இவ்வாறு சேர்த்துக்கொண்டிருக்க, அதற்கு முற்றிலும் மாறான மற்றொரு மரபும் தமிழில் இருந்தது. அதனைப் பேணியவர்கள் சங்கத் தொகை நூல்களைத் தொகுத்தவர்கள். அவர்கள் கையில் வந்த பாடல்களின் ஆசிரியர் பலர் ஒரே பெயரினர். தமிழர்க்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை; உள்ளது ஒரு பெயர்தான். ஆகவே சாத்தன் என்றால் எந்தச் சாத்தன்? தொகுத்தோர் சலியாது வேறுபடுத்தினர். சீத்தலைச் சாத்தனார் என்றனர். பெருந்தலைச் சாத்தனார் என்றனர். மோசி சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார் என்று ஊரும் உறுப்பும் பிறவும் அடையாக்கிப் பிரித்து வைத்தனர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று தந்தையையும் தந்தையின் தொழிலையும் கூட்டி ஒரு பெயரை எழுதினர். நம் நாட்டு அடையாள அட்டையில் தமிழர் பெயரை அடுத்து, மகன் அல்லது மகள் என்னும் பொருளுடைய மலாய்க் குறிப்பும் தந்தை பெயரும் நிற்கக் காண்கின்றோம். பதிவு அலுவலகத்தார் கண்ட முறை என்று அதனை நினைப்போர் நக்கீரனார் பெயரை ஒருமுறை நோக்குவாராக.

அதனினும் வியக்கத்தக்கது, பெயரே கிடைக்காத புலவர்பால் அவர்கள் நடந்துகொண்ட முறை. பெயர் தெரியாத நல்ல பாட்டு ஒன்று கையில் இருக்கின்றது. கபிலர் பெயரையோ பரணர் பெயரையோ அதன் கீழ் எழுதிவிட்டால் கேட்பார் யாருமில்லை. பாட்டுக்கும் பெருமை கூடும். அவர்கள் அதனைச் செய்யவில்லை. பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து அதனையே புலவர்க்குப் பெயராக்கினர். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரை உவமை கூறியவர் செம்புலப்பெயனீரார் ஆனார். ஆளற்ற முற்றத்தில் அணில் ஆடுவதைக் காட்டியவர் அணிலாடு முன்றிலார் ஆனார். இருபுறமும் யானைகள் பற்றி இழுக்கத் தேய்ந்த பழங்கயிற்றைச் சொன்னவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆனார். இன்னார் என்று அறியோம். ஆயினும் இன்னொருவரோடு உம்மைக் கலக்க மாட்டோம் என்பது அவர்கள் கொண்ட நெறி. செய்ந்நன்றி அறிதலை உதவி பெற்றவர்க்கே உரியதாகப் பேசுகின்றோம். ஒரு பாட்டைப் பெற்றவரும் உதவி பெற்றவரே என்று அத்தொகுப்பாளர்கள் கருதினர் போலும்.

இங்கு ஒன்றை நுணுகி நோக்குதல் வேண்டும். ஒரு பெயர் பலர்க்கு உரியதாவது ஒரே வழியில் நிகழ்வதன்று. தற்செயலாக ஒரு பெயரை இருவர் தாங்கியிருக்கலாம், சாத்தனார்கள் அத்தகையோர். பெயர் என்று நாம் நினைப்பது பெயராகவே இல்லாதிருக்கலாம். ஔவை என்னும் சொல்லுக்குத் தாய் என்றும் மூதாட்டி என்றும் தவப்பெண் என்றும் பொருள் உண்டு. ஓர் ஊரில் பாட்டுக் கட்டவல்ல முதிய பெண் ஒருவரை மக்கள் மதித்து அழைத்த சொல்லே அவர் பெயராய் நின்றிருக்கலாம். அவ்வாறாயின் அது தமிழ்நாட்டில் எத்தனை ஊரிலும் எத்தனை முறையும் நிகழ்ந்திருக்கும். முன்னோர் ஒருவரின் பெயரைப் பின்வந்தவர் விரும்பி ஏற்றிருக்கலாம். அல்லது, நூல் செய்தவர் எப்பெயரையும் நாடாதிருக்க, பிற்காலத்தார் புகழ்பெற்ற பெயர் ஒன்றைக் கொணர்ந்து ஒட்டியிருக்கலாம். இந்நான்கும் விளைவில் ஒன்றுபோல் தோன்றும். அட்டவணையில் ஒரே பெயர். அறத்தின் நோக்கிலோ இவை ஒன்றல்ல. முதலாவதில் எவர்க்கும் குற்றமில்லை. இரண்டாவது அன்பின் விளைவு. மூன்றாவது, ஏற்றவரின் பணிவாகவும் இருக்கலாம், புகழ் நிழலில் ஒதுங்கும் தந்திரமாகவும் இருக்கலாம். நான்காவதில் செய்தவர் இசைவு என்பதே இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இருவர் இப்பெயரைத் தாங்கியதை ஒரு சிறு வேடிக்கையாக நினைவுகூரலாம். புறநானூற்றுக்கு விரிவுரை கண்ட ஔவை துரைசாமிப் பிள்ளை அவர்கள் ஔவையார்குப்பம் என்னும் ஊரில் பிறந்தவர். அவர் பெயரின் ஔவை ஊரால் வந்தது. நாடக மேடையில் ஔவையாராக வேடம் புனைந்து புகழ்பெற்ற டி.கே. சண்முகம் அவர்கள் ஔவை சண்முகம் ஆயினார். அவருடைய ஔவை வேடத்தால் வந்தது. இருவரும் ஆடவர். இவ்விரு செய்திகளும் ஏட்டில் பதிவாகாது போய், ஆயிரம் ஆண்டு கழிந்து, புறநானூற்று உரை ஔவை என்பார் செய்தது என்று மட்டும் எஞ்சுமாயின், அன்றைய அட்டவணை என்ன சொல்லும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஔவையார் தம் பாட்டுக்குத் தாமே உரையும் எழுதினார் என்றொரு மரபு கிளம்பாது என்பதற்கு என்ன உறுதி?

கபிலர் முதலியோர்க்கும் இக்கதியே நேர்ந்தது. பாரியின் நண்பரும் குறிஞ்சிப்பாட்டின் ஆசிரியருமான கபிலர், இன்னா நாற்பது செய்த கபிலர், பதினோராந் திருமுறையில் உள்ள கபிலதேவ நாயனார், அகவல் பாடிய கபிலர் என்று அப்பெயரும் நீள்கின்றது. நக்கீரர்க்கும் பரணர்க்கும் இவ்வாறே திருமுறைப் பெயரினர் உளர். அவர்கள் பெயரோடு 'தேவ நாயனார்' என்னும் அடை சேர்ந்திருத்தல் காண்க. பழம்புலவரே என்னும் எண்ணத்தில் வந்த சிறப்போ, அவரின் வேறு என்னும் எண்ணத்தில் வந்த அடையோ, யாதாயினும் படிப்பவன் சற்று நின்று நோக்க அவ்வடை உதவுகின்றது. ஔவையார்க்கு அத்தகைய அடை ஒன்றும் அமையவில்லை. சங்கத் தொகுப்பாளரும் அவர் பெயரை ஊரோ தந்தையோ சுட்டாது வாளா ஔவையார் என்றே எழுதினர். அன்று பாடல் வழங்கிய புலவருள் வேறோர் ஔவை இன்மையால் பிரிக்கும் தேவை அவர்களுக்கு எழுந்திராது என்பது என் துணிபு. அத்தனை பேரைக் காத்த முறை இந்த ஓரிடத்தில் கதவைத் திறந்தே வைத்துவிட்டது.

'யார் எழுதினால் என்ன? நூல் இருக்கின்றது, நீதி இருக்கின்றது, படிப்பவன் பயன்பெறுகின்றான். பெயரைப் பற்றி வழக்காடுவது பழத்தை விட்டு மரத்தை எண்ணுவது' என்று கூறுவார் உண்டு. இது வலிமையற்ற வாதம் அன்று. இதனினும் வலியதாக ஒன்றும் சொல்லலாம். ஆத்திசூடி செய்தவர் தம் பெயரை எங்கும் கூறிக்கொள்ளவில்லை. அந்நூலின் பெயர்கூட அவர் இட்டதாகத் தெரியவில்லை. கடவுள் வாழ்த்தின் முதற்சொற்களே ஆத்திசூடி என்றும் கொன்றை வேந்தன் என்றும் நூற்பெயர்களாய் நின்றன. மூதுரைக்கு வாக்குண்டாம் என்ற பெயர் வந்ததும் அவ்வாறே. தன் பெயரையும் தன் நூலின் பெயரையும் பொருட்படுத்தாத ஒருவர், குழந்தையின் நாவில் நின்றால் போதும் என்று ஒதுங்கிய ஒருவர், தம்மை நாம் இன்று தேடிச் சென்று பெயர்ப் பலகை மாட்டுவதை விரும்புவாரா? துறந்தவர்மேல் துறந்ததை மீண்டும் சுமத்துவது அறமாகுமா?

இவ்வினா என்னை நெடுநாள் நிறுத்தியது. எனினும் துறத்தல் வேறு, இழத்தல் வேறு. பெயரைத் துறப்பது அவர் உரிமை. அவர் பெயரில்லாமல் நிற்க விரும்பினார் என்பதிலிருந்து, அவர் நூலை மற்றொருத்திக்கு உரியதாக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. செம்புலப்பெயனீரார் பெயரின்றியே நிற்கின்றார். அவர் பாட்டு அவருடையதாகவே நிற்கின்றது. பெயரில்லாதிருப்பது ஒரு தனிமை. பிறர் பெயரில் கரைவது அதுவன்று.

பயன் பற்றிய வாதத்திற்கும் விடை உண்டு. ஒரு பெயரில் எல்லாவற்றையும் அடைத்ததால் நூல்களை நாம் படிக்கும் முறையே மாறிப்போயிற்று. இளம் பருவத்திலேயே ஔவை முதுமையை வேண்டிப் பெற்றார் என்பது கதை. திரைப்படமும் அதனைக் காட்டியது. அக்கதையை உண்மையில் நிகழ்த்தியவர் பிள்ளையார் அல்லர், நாம்தாம். விறலி என்று விளிக்கப்பெற்ற ஒரு பெண்ணை, அரசனிடம் சினந்து, அவனோடு கள் அருந்தி, காதல் நோயைப் பதினைந்து குறுந்தொகைப் பாட்டுகளில் வடித்த ஒரு பெண்ணை, நீதி கூறும் பாட்டியாக்கி உட்கார வைத்துவிட்டோம். இடைநிலைப்பள்ளி மாணவர் ஒருவர் குறுந்தொகைப் பாட்டின் கீழ் ஔவையார் என்னும் பெயரைக் கண்டவுடன் அவர் உள்ளத்தில் எழுவது ஊன்றுகோல்தான். தலைவியின் சீற்றம் அவர் செவியில் அறிவுரையாகவே ஒலிக்கும். அல்லது, பாட்டி இதனைப் பாடினாரா என்று சிரிப்பு வரும். இரண்டும் பாட்டுக்குக் கேடு.

மற்றொரு கேடு எண்ணிக்கையால் வருவது. சங்க காலத்தை அடுத்து நெடுங்காலம் வரை, தமிழில் நூல் செய்த பெண்கள் என்று நாம் எண்ணக் கூடியவர் மிகச் சிலர். காரைக்கால் அம்மையார், ஆண்டாள் என்று தொடங்கி விரைவில் நின்றுவிடுகின்றோம். அந்நிலையில், திண்ணைப் பள்ளிகள் நடந்த காலமெல்லாம் பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியராய் விளங்கிய ஒரு பெண்ணும், யோக நெறியில் நின்று அகவல் பாடிய மற்றொரு பெண்ணும் இருந்தார்களாயின், அவர்களை நாம் ஒருத்திக்குள் வைத்து மறைத்துவிட்டோம். அவருள் ஒருவர் ஆடவராகவும் இருந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. அங்ஙனமாயினும் அறிய வேண்டிய செய்தியே அது. நூல் செய்த ஆடவர் ஒருவர், தம் சொல்லை மக்கள் ஏற்பதற்கு ஒரு கிழவியின் பெயரே தக்கது என்று கருதினாராயின், நாட்டில் அப்பெயர்க்கு இருந்த மதிப்பு எத்தகையது!

மீண்டும் நல்வழியின் இறுதி வெண்பாவிற்கு வருவோம். அதனை நாம் மேலே காலம் காட்டும் சான்றாக மட்டும் கண்டோம். அதன் கருத்து, குறள் முதலாகத் திருமூலர் வாக்கு ஈறாக எல்லாம் ஒரே வாசகம் என்று உணர்க என்பது. பல நூல்களை ஒன்றாகக் காணும் நோக்கை இதனினும் தெளிவாகக் கூற இயலாது. ஔவையார் அனைவரும் ஒருவரே என்று வாதிடுவோர்க்கு இதனினும் ஏற்ற துணை வேறில்லை எனத் தோன்றும். ஆனால் அவ்வெண்பாவை இயற்றியவர் செய்திருப்பதைக் காண்க. ஒன்று என்று முடிப்பதற்கு முன் அவர் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுட்டுகின்றார். குறளைத் தனியே, மறைமுடிவைத் தனியே, மூவரைத் தனியே, கோவையைத் தனியே, வாசகத்தைத் தனியே, மூலரைத் தனியே. பொருளால் ஒன்றாக்கியவர் ஆளால் ஒன்றாக்கவில்லை. தமக்கு முன்னிருந்தோர்க்கு அவர் காட்டிய இந்த மதிப்பைத்தான் அவர்க்குப் பின் வந்த நாம் அவர்க்குக் காட்டத் தவறினோம்.

பாரதியார் ஆத்திசூடியின் வடிவைத் தமக்கெனக் கொண்டபோது அதற்குப் புதிய ஆத்திசூடி என்று பெயர் வைத்தார். பாரதிதாசனும் ஓர் ஆத்திசூடி செய்தார். இருவரும் ஔவையின் பெயருக்குள் புகவில்லை. வடிவைக் கடனாகப் பெற்றோம் என்பதை மறைக்கவும் இல்லை. அச்சு வந்த காலத்தவர்க்கு இது எளிது என்று ஒருவர் கூறலாம், உண்மைதான். ஆனால் எளிதாகிவிட்ட பின்னரும் நம் வகுப்பறைகள் பழைய கட்டை அவிழ்க்கவில்லை என்பதே என் குறை.

முதலாம் ஆண்டுப் பிள்ளையிடம் சென்று, 'நீ படிக்கும் ஆத்திசூடியை எழுதியவர் இரண்டாம் ஔவையாரோ மூன்றாம் ஔவையாரோ' என்று குழப்புமாறு நான் கூறவில்லை. அவ்வயதில் ஔவைப் பாட்டி இருக்கட்டும். நெல்லிக்கனியும் நாவற்பழமும் இருக்கட்டும். கதைக்கு உரிய இன்பத்தைக் குழந்தையிடமிருந்து பறிப்பது மற்றோர் அறக்கேடு. ஆனால் அப்பிள்ளை வளர்ந்து, ஔவையார் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்று ஒருநாள் கேட்கும். அந்நாளில் ஆசிரியர் கனியைக் காட்டித் தப்பித்தல் ஆகாது. கணக்கிடத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கிடத் தெரிந்தவராக விடை கூறுதலே அதனை மதித்தலாகும். கதை ஏன் பிறந்தது என்பதையும் உடன் கூறினால், பிள்ளை கதையையும் இழக்காது.

எனக்குத் தோன்றும் வழி புதியதன்று. சங்கத் தொகுப்பாளர் காட்டிய வழியே. ஊரும் தந்தையும் தெரியாதபோது அவர்கள் பாட்டையே அடையாக்கினர். நாமும் தகடூர் ஔவையார், ஆத்திசூடி ஔவையார், அகவல் ஔவையார், குறள் ஔவையார் என்று எழுதத் தொடங்கலாம். பாடநூலில் இரண்டு சொல் கூடும்; அட்டவணையில் ஓர் அட்டை நான்காகும். ஆத்திசூடிக்கும் கொன்றை வேந்தனுக்கும் ஓர் அட்டை போதும் என்றே நினைக்கின்றேன். அகர வரிசையில் ஓரடி நீதி கூறும் அமைப்பு இரண்டிற்கும் பொது. மூதுரையையும் நல்வழியையும் அதே அட்டையில் எழுதுவதா, அவற்றிற்கு வேறோர் அட்டை எடுப்பதா என்பதை முடிவு செய்ய, வெண்பாக்களை ஒருமுறை சொல் சொல்லாக ஒப்பிட்டுப் படித்தல் வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் தமிழ் பயிலும் மாணவர் ஒருவர்க்கு ஓராண்டு வேலை அது.